ஏழைகளின் கணக்கு – 9: பாப்லர் கட்ட மறுத்த பணம்

சென்ற இதழை இங்கிலாந்தின் ஆண்டோவர் ஒர்க்ஹவுஸில், ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதியில், நிறுத்தியிருந்தோம். உரத்துக்காக எலும்பு இடிக்க வைக்கப்பட்ட ஏழைகள், அந்த எலும்பில் ஒட்டியிருந்த அழுகல் இறைச்சிக்கும் மஜ்ஜைக்கும் அடித்துக்கொண்டார்கள் என்ற செய்தி 1845-இல் வெளியே வந்தது. லண்டன் சாமர்செட் ஹவுஸில் உட்கார்ந்து நாடு முழுக்க ஏழைச் சட்டத்தை நடத்திக்கொண்டிருந்த மூன்று கமிஷனர்களின் பதவி அதோடு போனது. 1847-இல் அவர்கள் இடத்துக்கு ஏழைச் சட்ட வாரியம் வந்தது. 1871-இல் அது உள்ளாட்சி வாரியமானது. 1919-இல் அந்தப் பொறுப்பு புதிதாகப் பிறந்த சுகாதார அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வாசலில் பெயர்ப்பலகை மாறியதே ஒழிய உள்ளே நடந்த வேலை மாறவில்லை. மேலே ஒரு துறை விதி எழுதும், இன்ஸ்பெக்டரை அனுப்பும், கணக்கைத் தணிக்கை செய்யும். கீழே, ஊர்க்காரர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்டியன்கள் வாரியம் ஏழைக்குச் சோறு போடும். பணம் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள் கட்டும் வீட்டுவரியிலிருந்து வரும். அதிகாரம் ஒருவரிடம், பில் இன்னொருவரிடம். 1921-இல் கிழக்கு லண்டனில் ஒரு நகராட்சி இந்த ஏற்பாட்டை முட்டி நிறுத்தியது.

பாப்லர் என்ற பெயர் நமக்கு முழுக்க அந்நியமில்லை. சென்னையில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வந்து நின்ற கரை இது. கம்பெனி தன் மாலுமிகளுக்கும் அவர்களது விதவைகளுக்கும் இங்கே தர்ம விடுதி நடத்தியது; தொழுவதற்கு ஒரு தேவாலயமும் கட்டிக்கொடுத்தது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பின்னால் கிழக்கிந்திய, மேற்கிந்தியத் துறைமுகங்கள் வந்தன. மிளகும் தேயிலையும் சர்க்கரையும் இறங்கின. சரக்கின் லாபம் மேற்கே சிட்டிக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் போனது. சரக்கை இறக்கியவன் பாப்லரில் குடியிருந்தான். அன்று கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. விடியற்காலையில் துறைமுக வாசலில் கூட்டமாக நின்று, மேஸ்திரி கைகாட்டினால் உள்ளே போகலாம் என்ற பிழைப்பு.

இந்த ஊரின் கார்டியன்கள் வாரியத்துக்குள் தொழிலாளிகள் நுழைந்தது 1890-களில். அவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் வில் குரூக்ஸ். சிறுவனாக இருந்தபோது வறுமையால் இதே பாப்லர் ஒர்க்ஹவுஸுக்குள் அனுப்பப்பட்டவர், பின்னாளில் அதை ஆண்ட வாரியத்துக்கே தலைவரானார். இன்னொருவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. மர வியாபாரம், கிறிஸ்தவ பக்தி, சோஷலிசம் மூன்றையும் ஒரே மூச்சில் நடத்திய மனிதர்.

லான்ஸ்பரி தன் சுயசரிதையில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒருநாள் ஒர்க்ஹவுஸில் இரவுச் சாப்பாட்டைப் பார்வையிடப் போனார்கள். ஓட்ஸ் கஞ்சி. கிண்ணத்தில் கறுப்பாக ஏதோ மிதக்கிறது. எடுத்துப் பார்த்தால் எலிப் புழுக்கை. பொறுப்பிலிருந்த அதிகாரி அம்மையாரைக் கூப்பிட்டார்கள். நல்ல சத்தான கஞ்சிதானே, இதில் என்ன குறை என்று அந்த அம்மையார் வாதாடினார். லான்ஸ்பரி ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் நீட்டி, ஒரே ஒரு வாய் சாப்பிடுங்கள், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஐயோ, இது எனக்கான சாப்பாடு இல்லையே, வேண்டியவர்களுக்கு இதுவே தாராளம் என்று பதில் வந்தது.

அந்த எலிப் புழுக்கை எந்தத் தணிக்கை அறிக்கையிலும் வந்திருக்காது. பாப்லரில் வெண்ணெயும் சீனியும் கூடுதலாகச் செலவானால் மட்டும் லண்டனின் மேல்தளத்துக்கு உடனே மூக்கில் வியர்க்கும். 1906-இல் உள்ளாட்சி வாரியம் தன் தலைமை இன்ஸ்பெக்டர் டேவியை அனுப்பி, பாப்லர் கார்டியன்களின் தாராளத்தை விசாரித்தது. ஒப்பந்தங்களில் கவனக்குறைவு இருந்தது உண்மை. ஆனால் விசாரணையைத் தூண்டியது அது மட்டுமில்லை. ஏழைக்கு நல்ல சாப்பாடு போட்டால் அவன் வேலைக்குப் போகமாட்டான் என்ற 1834 ஏழைச் சட்டத்தின் நம்பிக்கை அப்போதும் சாகவில்லை.

இனி பணத்தின் வழியைப் பார்ப்போம். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. லண்டன் என்பது ஒரே நகரம் என்றாலும் வரிவசூலில் பல ஊர்கள். ஒவ்வொரு பரோவும், அதாவது நகராட்சியும், தன் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்களின் வாடகை மதிப்பின்மேல், பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங் என்று வரி போடும். வெஸ்ட்மின்ஸ்டரில் அரண்மனைகளும் கிளப்புகளும் பெரிய கடைகளும். பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டால் அங்கே கொட்டும் பணம், பாப்லரில் அதே ஒரு பென்னியில் கிடைப்பதைப்போலப் பல மடங்கு. வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழைகள் குறைவு, செலவும் குறைவு. பாப்லரில் இரண்டும் தலைகீழ். ஆக, மாளிகைக்காரன் கட்டியதைவிட உயர்ந்த விகிதத்தில் துறைமுகக் கூலிக்காரன் வீட்டுவரி கட்டினான். வீட்டுக்காரர் அதை வாடகையோடு சேர்த்து அவனிடமே வாங்கிக்கொண்டார்.

இந்த அநியாயம் யாருக்கும் தெரியாமல் இல்லை. 1867-லேயே லண்டன் முழுவதற்கும் ஒரு பொது ஏழை நிதி ஏற்படுத்தினார்கள். அதில் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். ஏழையை ஒர்க்ஹவுஸுக்குள் அடைத்தால், அந்தச் செலவில் ஒரு பங்கை நகரம் முழுதும் பகிர்ந்துகொள்ளும். அவனை வீட்டிலேயே குடும்பத்தோடு இருக்க விட்டு வாரம் சில ஷில்லிங் உதவினால், முழுச் செலவும் அந்த ஊர் தலையில். உள்ளே தள்ளுவதுதான் ஊருக்கு மலிவு. எந்த இன்ஸ்பெக்டரும் வந்து மிரட்ட வேண்டியதில்லை. நிதி வரும் வழியே உத்தரவைச் சொல்லிவிடும். நலத்திட்டங்களை மேலிருந்து ஆள்வதில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கருவி இன்றுவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1919 நவம்பர் தேர்தலில் பாப்லர் நகராட்சியின் 42 இடங்களில் 39 தொழிற்கட்சிக்கு விழுந்தது. லான்ஸ்பரி மேயரானார். ரயில்வேக்காரர்கள், துறைமுகத் தொழிலாளிகள், தபால்காரர்கள் கவுன்சிலர்களாக வந்து உட்கார்ந்தார்கள். நகராட்சி ஊழியருக்கு வாரம் குறைந்தது 4 பவுண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1920-இல் தீர்மானம் போட்டார்கள். அடுத்த ஆண்டே போருக்குப் பிந்தைய வியாபாரச் செழிப்பு பொத்தென்று விழுந்தது. 1921 கோடையில் நாட்டில் வேலையில்லாதோர் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். துறைமுகம் காய்ந்தது. கார்டியன்கள் அலுவலகத்தின் முன் வரிசை நீண்டது. வேலையற்ற ஆரோக்கியமான ஆண்கள் அத்தனை பேரையும் ஒர்க்ஹவுஸில் அடைக்க இடமும் இல்லை, பாப்லருக்கு அந்த எண்ணமும் இல்லை.

பாப்லர் தன் வரியோடு சேர்த்து வேறு நான்கு அமைப்புகளுக்கும் வசூலித்துக் கொடுக்க வேண்டும்: லண்டன் கவுன்ட்டி கவுன்சில், பெருநகரப் போலீஸ், தொற்றுநோய் மருத்துவமனைகளை நடத்திய பெருநகர வாரியம், குடிநீர் வாரியம். 1921 மார்ச்சில் நகராட்சி கூடி, எங்கள் நகராட்சிக்கும் எங்கள் ஏழைகளுக்குமான வரியை மட்டும் போடுகிறோம், மற்ற நால்வருக்கான வரியைப் போடமாட்டோம் என்று முடிவெடுத்தது. வாங்கிவிட்டுக் கொடுக்காமலிருந்தால் கையாடல். வசூலிக்கவே மறுத்தால்? ஜப்தி செய்யக் கஜானாவில் பணமே இருக்காது. மிச்சமிருப்பது கவுன்சிலர்களின் உடம்புதான்.

கவுன்ட்டி கவுன்சிலும் மருத்துவமனை வாரியமும் உயர் நீதிமன்றம் போயின. ஜூலை 29 அன்று பாப்லரிலிருந்து நீதிமன்றத்துக்கு ஊர்வலம். முன்னால் நகராட்சியின் செங்கோலைத் தூக்கியபடி அதன் ஊழியர், அவருக்குப் பின் பதவிச் சங்கிலி அணிந்த அப்போதைய மேயர் சாம் மார்ச், அவருக்குப் பின் கவுன்சிலர்கள், பிறகு ஊர். ஏழை பரோக்களுக்கு வரிச் சமத்துவம் வேண்டி நீதிமன்றத்துக்கும், வேண்டிவந்தால் சிறைக்கும் போகிறோம் என்று பதாகை சொன்னது. நீதிபதிகளுக்கு வேறு வழியில்லை. வரியைப் போடு என்றார்கள். போடமாட்டோம் என்றார்கள். நீதிமன்ற அவமதிப்பு.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கைது தொடங்கியது. மொத்தம் 30 பேர். 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும், ஐந்து பெண்கள் ஹாலோவே சிறைக்கும் போனார்கள். அந்த ஐந்து பேரில் நெல்லி கிரெசல் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. 1943-இல் இதே பாப்லருக்கு மேயரானவர். மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மருமகள், பள்ளி ஆசிரியை. சூசன் லாரன்ஸ் இந்தக் கூட்டத்தில் சேராத ஆள் மாதிரி இருப்பார். வசதியான குடும்பம், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், ஒற்றைக் கண்ணாடி அணிந்தவர், முதலில் கவுன்ட்டி கவுன்சிலுக்குள் வந்தது பழமைவாதிகள் அணியில். பள்ளிகளைக் கூட்டிப் பெருக்கும் பெண்களின் கூலியைப் பற்றிய சண்டையில் அந்த அணியை உதறி, எதிர்ப்பக்கம் வந்தவர். ஜெயிலுக்குப் போன 30 பேரிலும் லண்டன் வரிக்கணக்கை இவர் அளவுக்குத் தலைகீழாகப் பாடம் வைத்திருந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சிறைக்குள் நடந்தது வேடிக்கை. நகராட்சி நடந்தாக வேண்டுமே! கவுன்சில் கூட்டத்தைப் பிரிக்ஸ்டன் சிறையிலேயே நடத்த அனுமதித்தார்கள். ஹாலோவேயிலிருந்து பெண்களை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கைதிகள் கூடி அஜெண்டா வாசித்தார்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதினார்கள். மாலையில் சிறைச் சுவருக்கு வெளியே கூட்டம் சேரும். ஜன்னல் கம்பி வழியே லான்ஸ்பரி பேசுவார். பக்கத்து பெத்னல் கிரீனும் ஸ்டெப்னியும் நாங்களும் கட்டமாட்டோம் என்று தீர்மானம் போட்டதும் அமைச்சரவைக்கு உதறல் எடுத்தது. முப்பது பேரை அடைக்கலாம், கிழக்கு லண்டனையே அடைக்க முடியுமா?

எல்லாத் தொழிற்கட்சிக்காரர்களும் பாப்லர் பக்கம் நின்றதாக நினைக்க வேண்டாம். ஹாக்னி மேயர் ஹெர்பர்ட் மோரிசனுக்கு இந்த வழி அறவே பிடிக்கவில்லை. சட்டத்தை மீறும் கட்சியை நம்பி மக்கள் நாட்டை ஒப்படைப்பார்களா என்பது அவர் கேள்வி. விடுமுறையில் ஸ்காட்லாந்தின் கெயர்லாக்கில் இருந்த பிரதமர் லாயிட் ஜார்ஜைத் தேடி, அவ்வளவு தூரம் மேயர்கள் சிலரோடு போய்ப் பார்த்தவரும் அவர்தான். மோரிசனின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பாப்லர்காரர்கள் பிரிக்ஸ்டனில் இல்லாமல் இருந்திருந்தால், கெயர்லாக்கில் அந்தக் கதவு திறந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அக்டோபர் 12 அன்று சிறையில் இருந்தவர்கள் விடுதலை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, வரியும் போடவில்லை. நவம்பரில் நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. வீட்டிலிருந்தே பெறும் உதவியின் செலவும் இனிப் பொது ஏழை நிதியில் சேரும். வெஸ்ட்மின்ஸ்டரின் பென்னி கடைசியில் பாப்லருக்கு வந்துசேர்ந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேலாகக் கமிட்டிகளில் பேசித் தீராதது ஆறு வாரச் சிறையில் தீர்ந்தது. இதற்கொரு விலையும் இருந்தது. சிறையிலிருந்து வந்த மின்னி லான்ஸ்பரி நிமோனியாவில் 1922 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். வயது 32.

வெஸ்ட்மின்ஸ்டர் பணம் கொடுக்க ஆரம்பித்ததும், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கும் உரிமையும் மேலிடத்துக்கு வந்துவிட்டது. சுகாதார அமைச்சர் ஆல்ஃபிரட் மாண்ட் ஓர் அட்டவணை வெளியிட்டார்: கணவன் மனைவிக்கு இவ்வளவு, குழந்தைக்கு இவ்வளவு, இதற்கு மேல் கொடுத்தால் பொது நிதியிலிருந்து கிடைக்காது. பாப்லர் கார்டியன்கள் அதைப் பொருட்படுத்தாமல் கூடுதலாகக் கொடுத்தார்கள். மாண்ட், போல்டன் கார்டியன்களின் செயலராக இருந்த கூப்பரை விசாரணைக்கு அனுப்பினார். 1922-இல் கூப்பர் அறிக்கை வந்தது, செலவைக் குறை என்றது. அதன்மேல் பாப்லருக்கென்றே தனி உத்தரவு ஒன்றும் வந்தது. பாப்லர் அதையும் மதிக்கவில்லை.

கருவூலத்தின் சார்பாக ஒருவரை அனுப்பி நிவாரணத்தைக் கத்தரிப்பது நம் பக்கம் முன்பே பார்த்த காட்சிதான். தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை மாகாணம் அதிகம் செலவழிக்கிறது என்று கருதிய வைஸ்ராய் லிட்டன், 1877-இல் ரிச்சர்ட் டெம்பிளை இங்கே அனுப்பினார். பஞ்ச வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று டெம்பிள் கூலியைக் குறைத்தார். உடலுழைப்பு செய்பவன் அதில் உயிர் வாழ முடியாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் பார்த்தார். பாப்லர்காரனுக்கு ஓட்டு இருந்தது, அவன் கவுன்சிலரை ஜெயிலுக்கு அனுப்பி வழக்கை நடத்த முடிந்தது. சேலத்தானுக்கும் பெல்லாரிக்காரனுக்கும் அது இல்லை.

பாப்லர் கார்டியன்களைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 1923 செப்டம்பரில் வேலையற்றோர் கூட்டம் ஒன்று, உதவியை உயர்த்தக் கேட்டு அவர்களையே அலுவலகத்தில் அடைத்து வைத்தபோது, சிறை சென்ற இதே இயக்கத்தின் வாரியம் போலீஸைக் கூப்பிட்டது. லத்தி விழுந்தது. பணப்பெட்டியின் சாவி கையில் இருப்பவர், யாராக இருந்தாலும், ஒருநாள் இல்லை என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது.

1924 பிப்ரவரியில், முதல் தொழிற்கட்சி அரசின் சுகாதார அமைச்சர் ஜான் வீட்லி அந்தப் பாப்லர் உத்தரவை ரத்து செய்தார். லிபரல்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் அமைச்சரைவிட நீண்ட கை கொண்ட ஒருவர் இருந்தார்: மாவட்டத் தணிக்கையாளர். நம்மூர்ப் பஞ்சாயத்துத் தலைவர்கள் லோக்கல் ஃபண்ட் ஆடிட் என்றாலே ஏன் வெளிறுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த அதிகாரம் புரியும். சட்டத்துக்குப் புறம்பான செலவு என்று தணிக்கையாளர் எழுதிவிட்டால், அதற்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டும்.

கார்சன் ராபர்ட்ஸ் என்ற தணிக்கையாளர் பாப்லரின் 1921–22 கணக்கைத் திறந்தார். விலைவாசி இறங்கிய பிறகும் 4 பவுண்டு கூலியை இறக்காமல் வைத்திருந்தீர்கள், இது கூலி இல்லை, அன்பளிப்பு என்று 5,000 பவுண்டைத் தள்ளுபடி செய்தார். கீழ்நிலை நீதிமன்றம் அவர் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் பாப்லர் பக்கம். 1925-இல் பிரபுக்கள் சபை தணிக்கையாளர் சொன்னதே சரி என்றது. தமக்குப் பொருத்தம் என்று தோன்றும் கூலியைக் கொடுக்கலாம் என்று சட்டமே நகராட்சிக்குச் சொல்லியிருந்தது. அந்தப் பொருத்தம் நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும், அந்த அளவை நீதிமன்றம் பார்க்கும் என்பது தீர்ப்பு. ஆண் பெண் சமகூலியை அட்கின்சன் பிரபு பெண்ணிய ஆசை என்று ஏளனமும் செய்தார். அரசு அமைப்பின் முடிவு நியாயமானதா என்று நீதிமன்றம் எப்போது பார்க்கலாம் என்பது பற்றிய 1947-இன் வெட்னஸ்பரி வழக்கில் இந்தத் தீர்ப்பு பேசப்பட்டது. அந்த வெட்னஸ்பரியை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அதன் பின்னால் பாப்லரின் தெருக்கூட்டும் தொழிலாளியின் சம்பளம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

பாப்லரைத் தாண்டி லீ ஆற்றின் மறுகரைக்குப் போனால் வெஸ்ட்ஹாம். அதே துறைமுகம், அதே வறுமை. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அன்று எசெக்ஸ் மாவட்டம். லண்டனின் பொது நிதி அங்கே பாயாது. இன்று தோசையும் மல்லிகைப்பூவும் கிடைக்கும் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தும் வெஸ்ட்ஹாம் கார்டியன்களின் எல்லைக்குள்தான் இருந்தது. பொது நிதி இல்லாத அவர்கள் கடன் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். கடன் கிட்டத்தட்ட 20 லட்சம் பவுண்டை எட்டியது. புதிய சுகாதார அமைச்சர் நெவில் சேம்பர்லினுக்கு வழக்கு, அறிக்கை, அட்டவணை எதிலும் பொறுமை இல்லை. 1926 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: கடமை தவறிய வாரியத்தை அமைச்சர் ஒதுக்கிவைத்து, தன் ஆட்களை நியமிக்கலாம். முதலில் வெஸ்ட்ஹாம். பிறகு சுரங்கத் தொழிலாளர் ஊர்களான செஸ்டர்-லி-ஸ்ட்ரீட், பெட்வெல்டி. நியமிக்கப்பட்டவர்கள் உதவி பெறுவோர் பட்டியலைச் சல்லடை போட்டுக் குறைத்தார்கள். வாக்குச்சீட்டில் தோற்காதவர்கள் கணக்கேட்டில் தோற்றார்கள். அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது: பாப்லரை உள்ளடக்கிய டவர் ஹாம்லெட்ஸ் பரோவுக்கு, அது மானியம் வழங்கிய விதத்தைக் காரணம் காட்டி, 2014 டிசம்பரில் மத்திய அரசு கமிஷனர்களை அனுப்பியது.

சேம்பர்லின் அதோடு நிற்கவில்லை. கார்டியன்கள் என்ற அமைப்பையே ஒழித்தார். 1929-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1930 ஏப்ரல் முதல் தேதி, 1834-இலிருந்து நடந்துவந்த வாரியங்கள் அனைத்தும் மூடப்பட்டன. பாப்லரின் ஒர்க்ஹவுஸும் மற்ற சொத்துகளும், அன்று அதை நீதிமன்றத்துக்கு இழுத்த லண்டன் கவுன்ட்டி கவுன்சிலின் கைக்குப் போயின. ஏழை எந்தத் தெருவில் பிறந்தான் என்பதைப் பொறுத்து உதவி மாறக்கூடாது என்ற பாப்லர் வாதத்துக்கு இதில் பாதி வெற்றி. அந்த உதவியைத் தன் ஓட்டால் உயர்த்தும் வாய்ப்பு ஊர்க்காரனிடமிருந்து போய்விட்டது என்பதில் முழுத் தோல்வி. சேம்பர்லின் இரண்டையும் ஒரே சட்டத்தில் முடித்தார் என்பதே அவர் திறமை.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் சேம்பர்லின் பதவியில் இல்லை. 1929 தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்திருந்தது. வாரியங்களை மூடிக் கணக்குகளை ஒப்படைக்கும் வேலையைச் சுகாதார அமைச்சகத்தில் அமைச்சர் கிரீன்வுட்டுக்கு அடுத்த நிலையில் இருந்து பார்த்தவர், ஹாலோவேயிலிருந்து டாக்சியில் கவுன்சில் கூட்டத்துக்கு வந்த சூசன் லாரன்ஸ். அந்த நாற்காலியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டு. 1931 ஆகஸ்டில் வேலையில்லாதோர் உதவித்தொகையை 10 சதவீதம் வெட்டுவதா என்ற கேள்வியில் அமைச்சரவையே இரண்டாகப் பிளந்தது. அதையும், அதன் பின்னால் குடும்ப வருமானத்தைத் துருவ வீடு வீடாக நுழைந்த மீன்ஸ் டெஸ்ட் அதிகாரிகளையும் அடுத்த இதழில் பார்ப்போம்.